வீட்டில் பெரிய நாய் நிற்கிறது

யாராவது என் பிள்ளை எங்கே என்று கேட்டால் என் வாயில் முதலில் வருவது பொய்தான். கேட்பவர் நல்லவரா கெட்டவரா என்பது ஆற அமர யோசிக்க வேண்டிய விஷயம். உண்மையைப் பிறகும் சொல்லலாம். சொல்லிவிட்ட உண்மையைத் திரும்ப வாங்க வழியில்லை.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. எனக்கு வேலையில்லாத நாள். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ஒரு ஆண் குரல், ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக. அந்த மரியாதையே எனக்குப் பிடிக்கவில்லை. என் மகள் வேலை செய்யும் தூதரகத்தின் தலைமை அலுவலகத்தில் இருந்து பேசுவதாகச் சொன்னார். அவசரகாலம் வந்தால் என்று வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தாரின் விவரங்களைச் சரிபார்ப்பார்களாம். மகள் அங்கே எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியுமா, கடைசியாக எப்போது கதைத்தேன், அவள் உடம்பில் அடையாளம் ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு ஆக்லாந்தில் அவளுடைய பல் வைத்தியர் யார் என்றார்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். யுத்தம் நடக்கக்கூடிய ஊரில் இருக்கும் பிள்ளையின் பல் விவரம் எதற்கு என்று எனக்குத் தெரியும். அது பல்வலிக்கு மருந்து கொடுப்பதற்கு அல்ல.

அவர் ஆள்மாறி எடுத்துவிட்டார் என்று சொன்னேன். என் மகள் ஹமில்ட்டனில் பாலர் பாடசாலை ஆசிரியை, கல்யாணம் முடித்துவிட்டாள், இன்று காலையும் கதைத்தாள், பேரப்பிள்ளைக்கு இருமலாம் என்றேன். இருமலைச் சேர்த்தது பழக்கதோஷம். சின்னச் சின்ன விவரம் சேர்ந்தால்தான் பொய்க்குக் கால் முளைக்கும்.

வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்ற என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"இஞ்சேர், அது பிள்ளையின்ரை ஒஃபிஸ் அல்லோ? ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"ஒஃபிஸ் எண்டு அவர் சொல்லுறார். நீங்கள் கண்டனீங்களே?"

"இது நியூசிலாந்து அல்லோ, இஞ்சேர்."

"அது அவருக்கும் தெரியும்."

என் கணவர் நல்ல மனிதர். யுத்தம் இறுகுவதற்கு முன்பே ஊரை விட்டு வந்தவர். எந்த அலுவலகத்தில் இருந்து யார் எடுத்தாலும் அவருக்குச் சொந்தக்காரர் எடுத்த மாதிரி. கருத்துக்கணிப்புக்கு எடுப்பவர்களிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, அங்கே மழையா என்றும் விசாரிப்பார். நான் அது இறுகிய பிறகும் இருந்து பார்த்துவிட்டு வந்தவள்.

ஊரில் யுத்த நேரம் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு நாள் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் யார் என்று இன்றும் எழுத எனக்கு விருப்பமில்லை. நல்ல பிள்ளைகள் மாதிரிக் கதைத்தார்கள். அண்ணா நிற்கிறாரா என்று கேட்டார்கள். அண்ணா உள்ளே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் கிளிநொச்சிக்குப் போய்விட்டான், மாமாவுக்குச் சுகமில்லை என்று அம்மா கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பொய் தெரியாத மனிதர்கள். மகன் உள்ளே படிக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். என் அண்ணா இன்று கனடாவில் இரண்டு வீட்டுக்கு மோட்கேஜ் கட்டுகிறார். அவர்கள் கூட்டிப்போன அந்த வீட்டுப் பையன் திரும்பி வரவேயில்லை. இதற்குப் பிறகு எனக்கு உண்மையின் சிறப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மகள் பிறந்தது ஆக்லாந்தில். நாங்கள் குடியிருக்கும் பிளாக்ஹவுஸ் பேயில் பாடசாலைக்கும் வீட்டுக்கும் நடந்தே போய்விடலாம். மற்றப் பிள்ளைகளுக்குத் தாய்மார் சாப்பாட்டுப் பெட்டி கொடுத்துவிட்டார்கள். நான் அதோடு ஒரு பொய்யையும் கொடுத்துவிட்டேன். உன் வீடு எது, வீட்டில் யார் நிற்கிறார்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: வீட்டில் பெரிய நாய் நிற்கிறது, கேள்வி கேட்கிறவர்களைத்தான் கடிக்கும். தேவாரம் பாடமாக்குவது போல இதைப் பாடமாக்கினாள். எங்கள் வீட்டில் ஒரு பூனைகூட இருந்ததில்லை.

பாடசாலையில் வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுவரும் நாள் வந்தது. ஆசிரியை நாயைக் கூட்டிவரச் சொன்னார். நாய்க்குச் சுகமில்லை என்றாள் மகள். அடுத்த நாள் நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், அதற்கடுத்த நாளும் கேட்டார்கள். பிள்ளை என்ன செய்யும், நாயைச் சாகடித்துவிட்டாள். வகுப்பே சேர்ந்து அனுதாப அட்டைகளில் நாய்ப் படம் கீறிக் கொடுத்துவிட்டது. பாதி நாய்களுக்குச் சிறகு முளைத்திருந்தது. என் கணவருக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆசிரியையிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று காலில் சப்பாத்தைப் போட்டார். நான் விடவில்லை. மறுநாள் வாசலில் ஆசிரியை என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தபோது, தலையைக் குனிந்துகொண்டு நன்றி சொன்னேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை பொங்கியது. அழுதுவிடாமல், உளறிவிடாமல், இறுதிவரை நின்றுபிடித்திருந்தாள் என் பிள்ளை.

அப்படி வளர்த்த பிள்ளை போய்ச் சேர்ந்த வேலையைப் பாருங்கள். எந்த நாட்டுத் தூதரகம், எந்த ஊர் என்று எழுதமாட்டேன். எப்போது வேண்டுமானாலும் சண்டை மூளலாம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த ஊர் என்பது போதும். தூதரகத்தின் அவசரகால ஏற்பாடுகள் அவள் பொறுப்பு. எவ்வளவு தண்ணீர் சேமிப்பது, யன்னல் கண்ணாடி சிதறாமல் எதை ஒட்டுவது, தொலைபேசி செத்துப்போனால் எந்த ரேடியோ, ஊரை விட்டு வெளியேறும் நாளில் எந்த வாகனத்தில் யார். நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த திசைக்கு அவள் சம்பளம் வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் வீடியோவில் வரும்போதெல்லாம் நான் முகத்தைப் பார்ப்பது குறைவு. பின்னால் இருப்பதைத்தான் பார்ப்பேன். எப்போதும் ஒரே சுவர். யன்னல் தெரிவதில்லை. நிலத்தில் குந்தியிருந்து கதைத்தாள். இங்கேதான் வெளிச்சம் நல்லது என்றாள். ஷெல்லடிக்குப் பயந்து இரண்டு சுவர்களுக்கு நடுவில் படுத்து வளர்ந்த என்னிடம் வெளிச்சக் கதை சொல்கிறாள். ஒரு நாள் ஃபோன் சரிந்தபோது அவளுடைய கால் தெரிந்தது. வீட்டுக்குள் சப்பாத்து போட்டிருந்தாள். எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை வீட்டுக்குள் சப்பாத்தோடு இருக்கிறாள் என்றால் ஓடுவதற்குத் தயாராக இருக்கிறாள். நான் சாப்பிட்டியோ என்று மட்டும் கேட்டேன்.

வாகனங்களைப் பற்றியும் ஒரு முறை கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத்தான் இடம் என்றாள். அப்படியென்றால் தூதரகத்தில் வேலை செய்யும் அந்த ஊர்க்காரர்களுக்கு என்று கேட்டேன். அவள் ஃபோனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அதைத் தீர்மானிப்பது நான் இல்லை அம்மா என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் வெட்கப்பட்டு நான் கண்டது அன்றுதான்.

அவளுக்குப் பக்கத்து மேசையில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். விடுமுறை நாளில் தன் தாய் வீட்டுக்கு மகளைச் சாப்பிடக் கூட்டிப்போவாள். ஒரு நாள் அங்கிருந்து என்னை வீடியோவில் அழைத்தார்கள். அந்தத் தாய் ஃபோனை வாங்கி வீடு முழுவதையும் காட்டினாள். முற்றம், நீல வர்ணம் பூசிய இரும்புக் கேற், எதிரில் ஒரு பேக்கரி. பிறகு சட்டியைத் திறந்து வெண்டிக்காய்க் கறியைக் காட்டினாள். நான் எங்கள் குளிரூட்டியில் இருந்த உறைந்த வெண்டிக்காய்ப் பையை எடுத்துக் காட்டினேன். பொதுவான ஒரு சொல்கூட இல்லாமல் இரண்டு பேரும் சிரித்தோம். கடைசியில் அவள் என் மகளின் உச்சியில் முத்தமிட்டாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்கு ஏன் இவ்வளவு ஊட்டுகிறாள்? கல்யாணம் ஆகாத மகன் இருக்கிறானா? வெளிநாட்டு விசா ஏதும் வேண்டியிருக்கிறதா? அளவுக்கு மிஞ்சி அன்பு காட்டுபவர்களிடம் கவனமாக இரு என்று மகளிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதன் பிறகு எங்களுக்குள் அந்தத் தாய்க்குப் பெயர் வெண்டிக்காய் அன்ரி.

ஹமில்ட்டன் கதை மகளின் காதுக்குப் போய்விட்டது. இல்லாத பேரப்பிள்ளையின் இருமல் பற்றி அவளுடைய மேலதிகாரி விசாரித்தாராம். எடுத்து ஆங்கிலத்தில் நன்றாக ஏசினாள். இனிமேல் அலுவலகத்தில் இருந்து எடுப்பவர்கள் ஒரு விஷயம் சொல்லுவார்கள், அதைச் சொன்னால் நம்பவேண்டும் என்றாள்.

"என்ன சொல்லுவினம்?"

"ஃபோனிலை சொல்லமாட்டன். கேட்டா உங்களுக்கு விளங்கும்."

நான் எப்படி ஏசுவது? ஃபோனில் எதையும் சொல்லாதே என்று வளர்த்தவளே நான்தான். அது என்னவாக இருக்கும் என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் யோசித்தேன். நட்சத்திரமா, முதுகில் இருக்கும் மச்சமா, செல்லப் பெயரா? தகப்பனுக்கு மட்டும் சொல்லியிருப்பாளோ என்று அவரையும் துருவிப் பார்த்தேன். அவருக்கு மனவருத்தமாகிவிட்டது.

பிறகு அங்கே சண்டை மூண்டது. செய்தியில் அந்த ஊரின் புகையைக் காட்டினார்கள். மகளின் ஃபோன் வேலை செய்யவில்லை. என் கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து எழும்பவில்லை. நான் சமைத்தேன், யாரும் சாப்பிடவில்லை, எடுத்து வைத்தேன். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. நிறைய இரைச்சல்.

"அம்மா, நான் ஓகே. வெண்டிக்காய் அன்ரி வீட்டிலை நிக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அவைக்குக் கரைச்சல் வரும்."

நான் அனுப்பிய பதில் போய்ச் சேரவில்லை. ஆயுதம் வைத்திருப்பவர்கள் வீடு வீடாக நுழைகிறார்கள் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டுத் தூதரகத்துப் பெண் ஒருத்தி உள்ளே இருந்தால் அந்த வீட்டுக்கு என்ன நடக்கும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று கணவருக்குச் சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை. அவரிடம் விலாசம் போனால் விசாரிக்கிற அத்தனை பேருக்கும் போய்விடும்.

நகர மையத்தில் ஒரு அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். மத்தியானம் போல் தொலைபேசி அடித்தது. எண் தெரியவில்லை. இந்த முறை ஒரு பெண், மகளின் அலுவலகத்தில் இருந்து என்றாள். நான் படிக்கட்டுக்கு ஓடினேன். வாகனங்கள் இன்று புறப்படுகின்றன, உங்கள் மகள் தன் குடியிருப்பில் இல்லை, எங்கே இருக்கிறாள் என்று தெரியுமா என்று மூச்சு விடாமல் கேட்டாள்.

நீங்கள் எனக்கு ஒன்று சொல்லவேண்டும் என்றேன். என்ன என்று கேட்டாள். என் மகள் சொல்லச் சொன்னது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. தயவுசெய்து சொல்லுங்கள், நேரம் இல்லை என்றாள்.

நேரம் இல்லை என்று அவசரப்படுத்துபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாது, மகள் கதைத்து ஒரு கிழமைக்கு மேலாகிறது என்று சொன்னேன். தொடர்பு அறுந்தது.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டேன். திரும்ப எடுப்பதற்கு எண் இல்லை. அவள் உண்மையாகவே அலுவலகத்துப் பெண் என்றால், பிள்ளைக்கு வந்த ஒரே வாகனத்தை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். அலுவலகத்துப் பெண் இல்லையென்றால் இரண்டு தாய்மாரின் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டேன். இரண்டில் எது என்று அறிய வழியே இல்லை. கணவருக்கு எடுத்துச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேலாக என்னோடு குரலை உயர்த்தாத மனிதர் அன்று கத்தினார்.

"வாகனம் போயிடும். பிள்ளை அங்கை நிக்கும். உம்மடை சந்தேகத்துக்கு என்ரை பிள்ளையைப் பலி குடுக்காதையும். எங்கை நிக்கிறாள் எண்டு சொல்லும்."

"சொல்லமாட்டன்."

அவர் அழுதார். நானும் அழுதேன். ஆனாலும் சொல்லவில்லை.

வேலையில் சொல்லிவிட்டு பிளாக்ஹவுஸ் பே பஸ்ஸில் ஏறினேன். மழை. யன்னலெல்லாம் நீராவி படிந்திருந்தது. ஃபோனை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் அது அடித்தது. அதே மரியாதையான ஆண் குரல். சற்று முன் எடுத்தவர் புதியவர், முழுவதையும் பார்க்கவில்லை, மன்னிக்கவேண்டும் என்றார். உங்கள் மகள் எழுதி வைத்திருப்பதை அப்படியே வாசிக்கிறேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தயங்கினார்.

"வீட்டில் பெரிய நாய் நிற்கிறது. கேள்வி கேட்கிறவர்களைத்தான் கடிக்கும்."

நான் பஸ் என்றும் பாராமல் கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த மாணவி ஒருத்தி பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். ஆறு வயதில் வகுப்பையே துக்கம் காக்க வைத்த என் பிள்ளையைத் தவிர இதை வேறு யார் எழுதி வைப்பார்கள்? எல்லாவற்றையும் சொன்னேன். வெண்டிக்காய் அன்ரியின் வீடு, நீலக் கேற், பேக்கரி, எந்தச் சந்தியால் திரும்புவது என்று மகள் முன்பு சொன்னது எல்லாம். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டிவரப் போகிறவர்கள் தோளில் துவக்கோடு போகவேண்டாம், வாசலில் நின்று நாயைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். நீங்கள் சொல்லுங்கள், அவளுக்கு விளங்கும் என்றேன். அவரை முழுதாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். பாதிதான் நம்பினேன். நாயை மட்டும் முழுதாக நம்பினேன்.

வீட்டுக்கு வந்து கணவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொழுதுபடும் நேரம், தெரியாத எண்ணில் இருந்து ஒரு செய்தி வந்தது. காரில் இருக்கிறேன் அம்மா, எல்லை தாண்டியதும் எடுக்கிறேன். அவர் அதை வாசித்துவிட்டு எழுந்து போய், எடுத்து வைத்த சோற்றைச் சூடாக்கினார்.

சில கிழமைகளுக்குப் பிறகு மகள் வீட்டுக்கு வந்தாள். முதல் நாட்களில் வீட்டுக்குள் சப்பாத்தோடுதான் திரிந்தாள். கம்பளமெல்லாம் அழுக்கு. நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு மத்தியானம் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து குசினி மேசையில் இருந்தாள். தானாகவே சொல்லத் தொடங்கினாள்.

கேற்றில் தட்டினார்களாம். இரண்டு ஆண்கள். வெண்டிக்காய் அன்ரி இவளையும் தன் மகளையும் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாளாம். அந்தப் பாஷை இவளுக்கு ஓரளவு விளங்கும். இங்கே வெளிநாட்டுப் பெண் யாரும் இல்லை, நான் தனியாக இருக்கிறேன், என் மகள் கல்யாணம் முடித்து வேறு ஊரில் இருக்கிறாள், பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றாளாம். அவளுக்குப் பேரப்பிள்ளையே இல்லை.

வந்தவர்கள் நம்பிவிட்டார்கள். திரும்பிப் போக வாகனத்தின் கதவைத் திறந்த சத்தம் கேட்டதாம். அப்போதுதான் வந்தவர்களில் ஒருவனான சாரதிக்கு, சொல்லி அனுப்பிய வசனம் நினைவு வந்திருக்கிறது. கேற்றுக்கு மேலால் எட்டி, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், வீட்டில் பெரிய நாய் நிற்கிறது என்று கத்தினானாம். மகள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அன்ரி கேற்றைத் திறக்க மறுத்துக் குறுக்கே நின்றாளாம். இவள் கெஞ்சி விளங்கப்படுத்திய பிறகுதான் விட்டாள். உச்சியில் முத்தமிட்டு அனுப்பினாள்.

நான் அந்தப் பெண்ணைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன். விசா வேண்டும் என்று நினைத்தேன்.

"வாகனத்திலை அவைக்கும் இடம் இருந்ததோ?" என்று கேட்டேன்.

மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் மெதுவாக எழுந்து தேநீருக்குக் கேத்தலைப் போட்டார்.

எனக்கு ஏதாவது செய்யவேண்டும் போல் இருந்தது. தாயும் மகளும் இப்போது எங்கே, உயிரோடு இருக்கிறார்களா, ஏதாவது அனுப்ப முடியுமா? அந்த மனிசியின்ரை பேர் என்ன பிள்ளை, அவை இப்ப எங்கை இருக்கினம் என்று கேட்டேன்.

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அனுதாப அட்டைகளோடு வீட்டுக்கு வந்து நின்றபோது இருந்த அதே முகம்.

"எந்த மனிசி அம்மா?"

"இப்ப சொன்னியே, வெண்டிக்காய் அன்ரி."

"அப்பிடி ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான் இருந்தனான்."

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பிள்ளையின் தலையில் கையை வைத்தேன். அதன் பிறகு நாங்கள் மூவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

நீல வர்ணம் பூசிய கேற் என்று மேலே எழுதியிருக்கிறேன். எதிரில் பேக்கரி என்றும் எழுதியிருக்கிறேன். அந்த வீட்டைத் தேடும் யாராவது இதை வாசிப்பதாக இருந்தால் சொல்லிவிடுகிறேன். கேற் நீலம் இல்லை. எதிரில் பேக்கரியும் இல்லை. அன்று சட்டியில் இருந்தது வெண்டிக்காயும் இல்லை.